சிவப்பு விளக்கும் சரக்கு லாரியும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியிலுள்ள அலிப்பூர், 1876ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விலங்குக் காட்சிச் சாலையாலும், பெல்வடியர் வளாகத்தில் இயங்கும் தேசிய நூலகத்தாலும், நகரின் மழையளவைக் குறித்துவரும் வானிலை ஆய்வகத்தாலும் நாடறிந்த இடமாகும். இவ்வூரின் மேற்குப் புறமாக டைமண்டு ஹார்பர் சாலை செல்கின்றது. அதற்கும் அப்பால், ஹூக்ளி நதியை ஒட்டி, 1892இல் திறக்கப்பெற்ற கிதர்பூர்க் கப்பல் துறையும், பின்னர் அமைந்து இன்று நேதாஜி சுபாஷ் பெயரைத் தாங்கி நிற்கும் கப்பல் துறையும் இருக்கின்றன. இத்துறைகளில் இறங்கும் சரக்கும், இவற்றை நாடி வரும் சரக்கும் பெரும்பாலும் லாரிகளிலேயே செல்கின்றன. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாக நாமக்கல், சங்ககிரி லாரிகளும் இந்நகருக்கு வந்து செல்வதுண்டு.

கொல்கத்தாவில் பகற்பொழுதின் பெரும்பகுதியில் பளுவான சரக்கு வண்டிகள் நகரச் சாலைகளில் செல்லக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே இரவு முதிர்ந்த பின்னரே அவற்றின் ஓட்டம் மிகுகின்றது. அந்நேரத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கும்; ஆயினும் போக்குவரத்து விளக்குகள் தம் வேலையை நிறுத்துவதில்லை. விளக்குக் கம்பத்தின் மீதிருந்து நோக்கும் காமிராவும் உறங்குவதில்லை. சிவப்பு விளக்கை மீறும் வண்டிகளைத் தானாகவே படம் பிடிக்கும் கருவிகளைக் கொல்கத்தாக் காவல் துறை பல சந்திப்புகளில் பொருத்தியுள்ளது. சென்னை உள்ளிட்ட பிற நகரங்களிலும் இத்தகைய கருவிகள் வந்துவிட்டன.

காமிராவில் அகப்பட்ட லாரி ஓட்டுநரை நாம் உடனே அசட்டைக்காரர் என்று முடிவு கட்டி விடுகிறோம். பல வேளைகளில் அம்முடிவு சரியானதே. ஆனால் வேறு சில வேளைகளில், அவ்வோட்டுநர் நிற்கவும் இயலாமல், உரிய காலத்தில் கடக்கவும் இயலாமல் அகப்பட்டுக் கொண்டவராக இருக்கக்கூடும். இது சாக்குப்போக்கன்று, கணக்கிட்டுக் காட்டக்கூடிய இயக்கவியல் உண்மையாகும். அவ்வுண்மையை விளக்குவதும், அதனால் விளக்கை அமைப்போருக்கும் வண்டியை ஓட்டுவோருக்கும் உண்டாகும் கடமைகளைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கு வந்த வரலாறு

போக்குவரத்துச் சைகை விளக்கு முதன்முதலில் 1868ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் நகரில் பாராளுமன்றக் கட்டிடத்தின் அருகே நாட்டப்பட்டது. அதனை அமைத்த ஜே. பி. நைட் என்பவர் இரயில்வே சைகைப் பொறியியலாளர். அது எரிவாயுவால் எரிந்த விளக்கு. 1869 ஜனவரியில் அது வெடித்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின் விளக்குச் சைகை ஏற்பட்டது. அது சிவப்பும் பச்சையும் மட்டுமே கொண்டது. 1920இல் டெட்ராய்ட் நகரக் காவல் அதிகாரி வில்லியம் பாட்ஸ் அவற்றினிடையே மஞ்சளையும் சேர்த்து, இன்று நாம் காணும் மூன்று நிற விளக்கை அமைத்தார்.

இம்மூன்றில் சிவப்பும் பச்சையும் கட்டளைகள், மஞ்சளோ அவகாசம். ஓடும் வண்டி கட்டளை பிறந்த கணத்திலேயே நிற்க முடியாது என்பதனால்தான் மஞ்சள் தேவைப்பட்டது. அந்த அவகாசம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே நம் முன்னுள்ள வினா.

லாரி நிற்கும் விதம்

ஒரு வண்டி நிற்பது இரண்டு கட்டங்களில் நிகழ்கின்றது. முதற்கட்டத்தில் ஓட்டுநர் மஞ்சளைக் கண்டு, உணர்ந்து, தீர்மானித்து, காலைப் பிரேக்கின் மீது வைக்கிறார். இதற்கு ஏறத்தாழ 1 வினாடி ஆகும் என்று கொள்வது பொறியியலாளர் வழக்கம். இந்நேரத்தில் வண்டி வேகம் குன்றாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் கட்டத்தில் பிரேக் பற்றி, வேகம் படிப்படியாகக் குறைந்து, வண்டி நிற்கும்.

காருக்கும் லாரிக்கும் இவ்விரு கட்டங்களிலும் வேற்றுமை உண்டு. காரில் பிரேக்கின் அழுத்தம் எண்ணெய் மூலம் சக்கரத்தை அடைகின்றது; அது நொடிப்பொழுதில் நிகழும். பெரிய லாரியில் அவ்வேலையைச் செய்வது அழுத்தப்பட்ட காற்று. என்ஜினால் இயங்கும் அழுத்தி காற்றைத் தொட்டியில் நிரப்பி வைக்கும். ஓட்டுநர் மிதியை அழுத்தியதும் அக்காற்று குழாய் வழியே ஓடிச் சக்கரங்களின் அருகிலுள்ள அறைகளை நிரப்பி, பிரேக் கட்டைகளை உருளையோடு அழுத்த வேண்டும். காற்று சுருங்கும் தன்மையுடையதாகலின் இதற்குச் சிறிது காலம் பிடிக்கும். அக்காலத்தை அரை வினாடி என்று கொள்வோம்.

மேலும், 16 டன் எடையுள்ள லாரி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனுடைய இயக்க ஆற்றல் ஏறத்தாழ 10 லட்சம் ஜூல் ஆகும். அதே வேகத்தில் செல்லும் 1 டன் காரின் ஆற்றலைப் போல் இது 16 மடங்கு. இவ்வளவும் பிரேக் உருளைகளில் வெப்பமாக மாறினாலன்றி லாரி நிற்காது. அன்றியும், ஓட்டுநர் அடித்துப் பிடித்து நிறுத்த முற்பட்டால் சரக்கு முன்னோக்கிச் சரியும். இணைப்பு லாரியாயின் பின்பகுதி பக்கவாட்டில் திரும்பிவிடவும் கூடும். ஆகவே காருக்கு ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு 3 மீட்டர் வீதம் வேகம் குறையலாம் என்றால், சரக்கேற்றிய லாரிக்கு 2 மீட்டர் வீதமே பாதுகாப்பானது என்று கொள்வோம்.

ஒரு சிறு கணக்கு

நிற்கத் தேவைப்படும் தூரத்தைக் கணக்கிடும் முறை எளியது. வேகத்தைத் தாமத நேரத்தால் பெருக்கினால் முதற்கட்டத் தூரம் கிடைக்கும். வேகத்தின் வர்க்கத்தை, வேகம் குறையும் வீதத்தின் இருமடங்கால் வகுத்தால் இரண்டாம் கட்டத் தூரம் கிடைக்கும். இரண்டையும் கூட்டுதல் வேண்டும். லாரிக்குத் தாமத நேரம் 1½ வினாடி. மஞ்சள் விளக்கு எரியும் காலம் 3 வினாடி என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் பின்வரும் அளவுகள் கிடைக்கின்றன.

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில்: நிற்கத் தேவையான தூரம் 16 மீட்டர், மஞ்சள் எரியும் காலத்தில் ஓடும் தூரம் 17 மீட்டர்.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில்: நிற்க 30 மீட்டர்; ஓடுவது 25 மீட்டர்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில்: நிற்க 47 மீட்டருக்குச் சற்று மேல், ஓடுவது 33 மீட்டர்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில்: நிற்க 69 மீட்டர், ஓடுவது 42 மீட்டர்.

மூன்றாம் வரியைச் சற்று ஊன்றி நோக்குவோம். 40 கி.மீ. வேகத்தில் வரும் லாரி, நிறுத்தக் கோட்டிற்கு 40 மீட்டர் முன்னால் இருக்கையில் மஞ்சள் தோன்றுகிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால், 47 மீட்டர் தேவையாதலால் கோட்டைத் தாண்டிச் சந்திப்பினுள் சென்றே நிற்பார். நிறுத்தாமல் சென்றாலோ, மூன்று வினாடியில் 33 மீட்டரே ஓடியிருப்பார். கோட்டை அடைவதற்கு முன்னரே சிவப்பு விழுந்துவிடும். இரண்டில் எதனைச் செய்யினும் காமிராவின் கணக்கில் அவர் குற்றவாளியே. இருதலைக் கொள்ளியின் இடையே அகப்பட்ட எறும்பு என்று நம் நாட்டார் கூறும் நிலை இதுவே. 33 மீட்டருக்கும் 47 மீட்டருக்கும் இடைப்பட்ட இவ்விடத்தை நாம் 'இருதலைப் பகுதி' என்று அழைக்கலாம்.

காருக்கு இதே கணக்கைச் செய்து பார்த்தால், 40 கி.மீ. வேகத்தில் நிற்கத் தேவைப்படுவது 32 மீட்டர். மஞ்சளில் ஓடுவது 33 மீட்டர். காரோட்டிக்கு இருதலைப் பகுதியே இல்லை! ஒரே சாலை, ஒரே விளக்கு, ஒரே வேகம். ஆயினும் காருக்குப் போதுமான அவகாசம் லாரிக்குப் போதவில்லை. இவ்விடத்தில்தான் பிரச்சினையின் ஆணிவேர் இருக்கின்றது.

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த காசிஸ், ஹெர்மன், மராடுடின் ஆகிய மூன்று அறிஞர்கள் மஞ்சள் விளக்கைப் பற்றி ஆராய்ந்து, விளக்கின் காலம் குறைவாக இருப்பின் சட்டத்திற்கு அடங்கி நடக்க விரும்புகிறவராலும் அது இயலாமற் போகும் என்பதைக் கணித முறையில் நிறுவினர். மஞ்சளின் காலத்தை நிர்ணயிக்கும் முறைகளுக்கு இன்றளவும் அடிப்படையாக விளங்குவது அவர்களுடைய ஆய்வே.

இரவும் மழையும்

மேற்கண்ட அளவுகளிலிருந்து இன்னொரு செய்தியும் புலனாகின்றது. பகலில் நெரிசலினூடே 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து செல்லும் லாரிக்கு 3 வினாடி மஞ்சள் போதும். அதே லாரி, அதே சாலையில், நள்ளிரவில் 50 கி.மீ. வேகத்தில் வருமாயின் 27 மீட்டர் நீளமுள்ள இருதலைப் பகுதி உண்டாகிவிடும். பகல் வேகத்தை மனத்திற்கொண்டு அமைத்த மஞ்சள், இரவில் ஓடும் லாரிக்குப் பொருந்தாது. லாரிகளை இரவில் ஓடச் செய்யும் நகரங்கள் இதனைக் கருத்திற்கொள்வது அவசியம்.

மழை இத்துன்பத்தை மிகுவிக்கின்றது. அலிப்பூரில் ஆண்டொன்றுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தில் விழுகின்றது. நனைந்த சாலையில் உராய்வு குறையும். வேகம் குறையும் வீதம் 2 மீட்டரிலிருந்து 1½ மீட்டராகத் தாழ்ந்தால், 40 கி.மீ. வேகத்தில் நிற்கத் தேவையான தூரம் 47 மீட்டரிலிருந்து 58 மீட்டராக வளர்ந்துவிடும். மஞ்சள் விளக்கோ மழையை அறியாது. அதே மூன்று வினாடிதான் எரியும்.

காமிரா காண்பது என்ன?

காமிராவைப் பற்றிப் பல தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. மஞ்சளில் கோட்டைக் கடந்தவரையும் அது பிடித்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். உண்மை அதுவன்று. கருவி விளக்கோடு இணைந்தே வேலை செய்கின்றது. சிவப்பு எரியத் தொடங்கிய பின்னர், சாலையில் பதித்த கம்பிச்சுருளின் மீதோ, படத்தில் குறிக்கப்பட்ட கோட்டின் மீதோ வண்டி சென்றால் மட்டுமே அது விழித்தெழும். வண்டி கோட்டருகே இருக்கும் நிலையையும், கோட்டைத் தாண்டிச் சென்ற நிலையையும் அடுத்தடுத்துப் படம் பிடித்து, விளக்கின் நிறம், தேதி, நேரம், இடம், பதிவெண் ஆகியவற்றைப் பதிவு செய்யும். சிவப்பு விழுமுன் கோட்டைக் கடந்துவிட்ட வண்டி, சந்திப்பின் நடுவில் இருக்கையில் சிவப்பு விழுந்தாலும் அது மீறலாகக் கொள்ளப்படுவதில்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, சிவப்பு விளக்கை மீறுதல் அபாயகரமாக ஓட்டுதல் என்னும் குற்றத்தின்கீழ் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. முதல் முறை குற்றத்திற்கு அபராதம் 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை என்றும் விதிக்கப்பட்டது. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. 2021 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட விதிகள், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அங்கீகாரச் சான்று இருத்தல் வேண்டும் என்றும், காமிரா உள்ள சாலைப் பகுதிக்கு முன்னரே எச்சரிக்கைப் பலகை வைத்தல் வேண்டும் என்றும், குற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்புதல் வேண்டும் என்றும் கூறின. ஆகவே அறிவிப்புப் பெறுபவர் படத்தைக் கேட்டுப் பார்ப்பதும், தவறு இருப்பின் முறையிடுவதும் அவருடைய உரிமையாகும். அறிவிப்பு வண்டியின் உரிமையாளர் பெயருக்கே செல்லும். ஆனால் அபராதச் சுமை பெரும்பாலும் ஓட்டுநரின் கூலியில் வந்து விடிகின்றது. கணக்குச் சரியாயிருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காமிராவினால் நன்மை உண்டா? உண்டு, ஆனால் அது கலப்பற்ற நன்மையன்று. அமெரிக்க மத்திய நெடுஞ்சாலைத் துறை 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, காமிரா வைத்த சந்திப்புகளில் வண்டிகள் குறுக்காக மோதிக்கொள்ளும் விபத்துக்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தன. பின்னால் வந்த வண்டி முன்வண்டியின் மீது மோதும் விபத்துக்களோ ஏறத்தாழ 15 விழுக்காடு கூடின. குறுக்கு மோதல் பெரும்பாலும் கொடியதாகலின், மொத்தத்தில் பயனே மிகுதி. எனினும், காமிராவுக்கு அஞ்சித் திடீரென்று நிற்கும் காரின் பின்னால் லாரி ஒன்று வருமாயின் என்ன நேரும் என்பதை, மேலே கண்ட கணக்கை அறிந்தவர் எளிதில் உணர்வர்.

விளக்கை அமைப்போர் கடமை

பரிகாரம் கணக்கிலேயே அடங்கியுள்ளது. தாமத நேரத்தோடு, வேகத்தை அது குறையும் வீதத்தின் இருமடங்கால் வகுத்துக் கூட்டினால், தேவையான மஞ்சள் நேரம் கிடைக்கும். 40 கி.மீ. வேகத்தில் காருக்கு இது 3 வினாடிக்குள் அடங்கும். லாரிக்கு 4¼ வினாடி ஆகும். லாரிகள் மிகுந்த துறைமுகச் சாலைகளில் மஞ்சளை லாரியின் கணக்குப்படி அமைப்பதே நேர்மை.

ஆனால் மஞ்சளை வரம்பின்றி நீட்டுவதும் தகாது. நீண்ட மஞ்சளைப் பச்சையின் தொடர்ச்சியாகவே கொள்ளும் பழக்கம் மக்களிடையே வந்துவிடும். ஆகவே மஞ்சளைத் தேவைக்கேற்ப நீட்டுவதோடு, எல்லாத் திசைகளிலும் சிவப்பு எரியும் சிறிய இடைவேளையையும் அளித்தல் வேண்டும். 20 மீட்டர் அகலமுள்ள சந்திப்பினை 12 மீட்டர் நீளமுள்ள லாரி முழுவதும் கடக்க 32 மீட்டர் ஓட வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் அதற்கு 3 வினாடி, 20 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 6 வினாடி. முறைப்படி நுழைந்த லாரியும் அவ்வளவு நேரம் சந்திப்பினுள் இருந்தே தீரும்.

விளக்கின் நேரத்தைக் கேள்விக்குட்படுத்துவது சட்டத்தை அவமதிப்பதாகாது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2013இல் தம் மனைவிக்குக் காமிரா அபராதம் விதிக்கப்பட்டதைக் கண்ட மாட்ஸ் யார்ல்ஸ்ட்ராம் என்பவர், திரும்பிச் செல்லும் வண்டி வேகத்தைக் குறைத்தே செல்வதால் அதற்கு மஞ்சள் அதிக நேரம் தேவை என்று கணக்கிட்டுக் காட்டினார். அனுமதியின்றிப் பொறியியல் செய்தார் என்று அவருக்கே 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது! பிறகு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. போக்குவரத்துப் பொறியியலாளர் கழகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் அவருடைய கருத்துக்கு இடம் தந்தது. சரியான கணக்கு எவரிடமிருந்து வரினும் ஏற்கத்தக்கதே.

ஓட்டுநர் கடமை

விளக்கு திருந்தும் வரையில் ஓட்டுநர் காத்திருக்க இயலாது. அவர் கையிலும் ஒரு மருந்து உண்டு. அது வேகக் குறைப்பு. 3 வினாடி மஞ்சளாயின், மணிக்கு 21 கி.மீ. வேகத்தில் சந்திப்பை அணுகும் லாரிக்கு இருதலைப் பகுதி அறவே மறைந்துவிடும். களப்பணியாளர்கள் ஓட்டுநர்களிடம் பின்வருவனவற்றை எடுத்துரைக்கலாம்.

விளக்குத் தென்பட்டதும், அது பச்சையாயினும், முடுக்கும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுக. நெடுநேரமாக எரியும் பச்சை விரைவில் மாறப்போவது; குறுக்குச் சாலையில் வண்டிகள் நிறைந்து நிற்பது அதற்கு அறிகுறி. எஞ்சிய வினாடிகளை எண்ணால் காட்டும் பலகை இருப்பின், அதனை நிற்பதற்கான எச்சரிக்கையாகக் கொள்க. பாய்வதற்கான அழைப்பாகக் கொள்ளற்க. இந்த மரத்தைத் தாண்டிய பின் மஞ்சள் வந்தால் செல்வது, தாண்டுமுன் வந்தால் நிற்பது என்று முன்னரே ஓர் அடையாளத்தை மனத்தில் குறித்துக்கொள்க. கடைசிக் கணத்தில் மனம் மாறுவதே பேராபத்து. முன்செல்லும் பெரிய வண்டி விளக்கை மறைக்குமாயின், அது சென்றதை நம்பிப் பின்தொடரற்க. சந்திப்பின் அப்புறத்தில் இடமில்லையேல் பச்சையிலும் நுழையற்க. கோட்டைச் சற்றுத் தாண்டி நின்றுவிட்டால், பின்னுள்ளவரைப் பாராமல் லாரியைப் பின்னோக்கி நகர்த்தற்க. அபராதம் உயிரினும் பெரிதன்று.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

ஆசிரியர்கள் இதனை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் செலவின்றி விளக்கலாம். ஒரு மாணவன் அடிக்கோலை மேல்முனையில் பிடித்து நிற்க, மற்றொருவன் கீழ்முனையருகே விரல்களை விரித்து வைத்திருக்கட்டும். முன்னறிவிப்பின்றி அடிக்கோலை விட்டால், அது 20 சென்டிமீட்டர் விழுந்த பின் பிடிபடுமாயின், அவன் உணர்ந்து செயற்பட ஆன நேரம் 0.2 வினாடி. விரலை மடக்குவதற்கே இவ்வளவு நேரமாயின், காலை எடுத்து மிதியில் வைக்க ஒரு வினாடி ஆவது வியப்பன்று என்பதை அவர்கள் உணர்வர்.

அடுத்து, விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடிட்டு, அதிலிருந்து 33 மீட்டரிலும் 47 மீட்டரிலும் கொடிகள் நடுக. இரு கொடிகளுக்கும் இடைப்பட்ட 14 மீட்டர் நிலத்தில் மாணவர்களை நிற்கச் செய்து, “நீங்கள் இப்போது லாரி ஓட்டுநர், மஞ்சள் விழுந்துவிட்டது, என்ன செய்வீர்கள்?” என்று கேட்க. விடை இல்லாத வினாவும் உண்டு என்பதையும், முன்னரே வேகத்தைக் குறைத்திருந்தால் அவ்வினாவே எழுந்திராது என்பதையும் அவர்கள் ஒருசேர அறிவார்கள். பிறகு கைக்கடிகாரத்துடன் சென்று, நடைபாதையில் பாதுகாப்பாக நின்றபடி, தம் ஊர் விளக்கின் மஞ்சள் எத்தனை வினாடி எரிகிறது என்று அளந்து வரலாம்.

இப்பாடம் வெறும் கணிதப் பயிற்சியன்று. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர்; அவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நடந்து சென்றவர். 2023 ஆகஸ்டில் அலிப்பூருக்குத் தெற்கே, அதே டைமண்டு ஹார்பர் சாலையில், பேஹாலாவில், காலை வேளையில் பள்ளிக்குச் சென்ற சிறுவன் ஒருவன் லாரி மோதி மாண்டான். மக்கள் கொதித்தெழுந்தனர், அதன்பின் அச்சாலையில் கட்டுப்பாடுகள் இறுக்கப்பட்டன. ஒவ்வொரு சந்திப்பிலும் காவலரும் காமிராவும் இருத்தல் இயலாது. தமக்குப் பச்சை விழுந்த கணமே சாலையில் இறங்கிவிடாமல், பெரிய வண்டி ஏதேனும் இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்று இருபுறமும் பார்த்து இறங்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது ஆசிரியர் கையில் உள்ளது. சிவப்பு விளக்கு லாரியை நிறுத்துவதில்லை. அதை நிறுத்துவது பிரேக்கும் தூரமும் காலமுமே. இதை அறிந்த ஓட்டுநர் முன்னரே வேகத்தைக் குறைப்பார். இதை அறிந்த பிள்ளை ஒரு கணம் பொறுத்தே காலெடுத்து வைக்கும்.